பாவே என்பதற்குத் தமிழில் என்ன? – கல் கட்டும் முறைகளின் பெயர்கள்

கோட்டாறு எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நகைத்தொழில் படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உருக்குவது, தகடு தட்டுவது, கம்பி இழுப்பது, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது வரை சொல்லுக்குக் குறைவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளிலேயே கிடைத்துவிட்டது. கல் வைக்கும் அதிகாரத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. பிராங், பெசல், சானல், பாவே, ஃபிளஷ், டென்ஷன், இன்விசிபிள் என்று எல்லாம் வெளியூர்ப் பெயர்கள். கடைக்காரர்கள் அப்படியே சொல்கிறார்கள், பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். எது பெசல் என்று கேட்டால் மோதிரத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். கல்லை எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

என் வரைவு இப்போதைக்கு இது: பிராங் நகப்பதிப்பு, பெசல் வளையப்பதிப்பு, சானல் வாய்க்கால்பதிப்பு, டென்ஷன் இழுவிசைப்பதிப்பு, இன்விசிபிள் மறைபதிப்பு. ஃபிளஷ் முறைக்கு ஜிப்சி செட்டிங் என்றும் பெயர் உண்டு. அதைப் பார்த்து ஒரு மாணவன் ‘நரிக்குறவர் பதிப்பு’ என்று எழுதிக்கொண்டு வந்தான், அடித்துவிட்டேன். ஒரு சமூகத்தின் பெயரைத் தூக்கி மோதிரத்தில் ஒட்டுவது அங்கேயே சரியில்லை, இங்கே எதற்கு?

பாவேக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. பொடிக்கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்து, அடியிலுள்ள உலோகம் கண்ணில் படாதபடி பரப்பு முழுவதையும் மூடுகிற வேலை. நகைப் பட்டறை வைத்திருக்கும் வடசேரி அண்ணாச்சி குழுவில் இருக்கிற தைரியத்தில் கேட்கிறேன்.

மார்த்தாண்டம் எழுதியது:

டீச்சர், முதலில் ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன், கோபிக்க வேண்டாம். டென்ஷனை இழுவிசை ஆக்காதீர்கள். பள்ளிப் பாடநூலில் இழுவிசை என்றால் கயிற்றில் தொங்கும் குண்டு, கயிறு இழுபடுகிறது. இந்த மோதிரத்தில் கல்லை யாரும் இழுக்கவில்லை. வளையத்தில் ஓரிடத்தை வெட்டித் திறந்து, திறந்த இரண்டு முனைகளும் மறுபடி சேரத் துடிக்கும்படி உலோகத்தை விறைப்பாக வைத்து, நடுவில் கல்லைச் செருகுகிறார்கள். கல்லின் இடுப்பு, அதாவது அதன் மிக அகலமான விளிம்பு, உட்கார முனைகளில் மெல்லிய வெட்டுப் பள்ளம் இருக்கும். கல்லின் மேல் விழுவது முழுக்க அமுக்கம். வைரமும் மாணிக்கமும் நீலமும் அதைத் தாங்கும். மரகதத்தில் இயல்பாகவே உள்கீறல்கள் உண்டு, அதை இப்படி நெருக்கினால் உடைந்துபோக வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் நீசிங் நிறுவனம் 1979-ல் இப்படி ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது. இழுவிசை என்று நீங்கள் அச்சடித்தால், அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை என் வகுப்பில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடும்.

மற்றபடி ‘பதிப்பு’ எல்லோருக்கும் தெரிந்த சொல், அதுவே இருக்கட்டும். பாவேக்குப் ‘பரல்பதிப்பு’ என்று வைக்கலாமே. பரல் என்றால் சிறுகல், சிலம்புக்குள் குலுங்குவதும் பரல். சொல்லும் அழகு, பொருளும் பொருந்துகிறது.

வடசேரி எழுதியது:

டீச்சருக்கும் சாருக்கும் வணக்கம்.

எனக்குச் சண்டையே ‘பதிப்பு’ என்ற சொல்லோடுதான். அரைப்பதிப்பு, மறைபதிப்பு என்றெல்லாம் எழுதினால் புத்தகக் கடைக்காரர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார். அது போகட்டும். பதிப்பது என்றால் ஒன்றை இன்னொன்றுக்குள் இறக்கி அழுத்துவது. சுவரில் ஓடு பதிக்கிறோம், ஈர மண்ணில் கால் பதிகிறது. பிராங்கில் கல் எங்கே பதிகிறது? 1886-ல் நியூயார்க்கின் டிஃபனி கடை ஆறு கால்களை நட்டு, ஒற்றை வைரத்தை மோதிரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தியது. கல்லுக்கு அடியிலும் பக்கத்திலும் வெளிச்சம் புகுந்து வர வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. அந்தரத்தில் நிற்கிற கல்லைப் பதித்தது என்று எப்படிச் சொல்வது?

பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ‘கல்லு வச்ச கம்மல்’ என்பார்கள். அடுத்த வரியிலேயே ‘இந்த ருத்திராட்சத்தைத் தங்கத்தில கெட்டித் தாரும்’ என்பார்கள். சோதிடர் நீலக்கல் எழுதிக் கொடுத்தால் ‘மோதிரமா கெட்டிப் போடணும்’ என்பார்கள். வைரத் தோடும் கட்டுவதுதான். ‘வைப்பு’ என்று சொல்லாக்கினால் வங்கி வைப்பு நினைவுக்கு வரும், அதைவிட மோசமான ஒன்றும் நினைவுக்கு வரும். ‘கட்டு’ நிற்கும். கல்லும் உலோகமும் ஒன்றுக்குள் ஒன்று உருகிச் சேரவில்லை. உலோகம் கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த முறையானாலும் இது பொருந்தும். விளவங்கோடு பக்கம் கெட்டு என்றாலே கல்யாணம், நகைக்கு அதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

கட்டு என்பதைப் பின்னால் வைத்துக்கொண்டால், முன்னால் வருகிற சொல் உலோகம் கல்லுக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். என் கருத்து இவ்வளவுதான். ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுதினால் நகமும் வாய்க்காலும்தான் வரும். வேலையைப் பார்த்து எழுதினால் வேறு சொல் வரும்.

பெசலை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டுப் பட்டையைக் கல்லின் இடுப்பளவுக்கு வளைத்து, முனைகளைப் பொடி வைத்து ஊதி, அடித்தகட்டில் நிறுத்தி, கல்லை இறக்கி, பட்டையின் மேல்விளிம்பைச் சுற்றிலும் கல்லின் தோள்மேல் தேய்த்து மடக்குகிறோம். உலக்கை நுனியில் இதே வேலையைச் செய்தால் அதற்குப் பூண் என்று பெயர். யானைத் தந்தத்துக்கும் பூண்தான் போடுகிறார்கள். பூண் என்றால் நகை என்றும் பொருள் இருப்பது கூடுதல் லாபம். ஆகவே பெசல் பூண்கட்டு. பாதிச் சுற்றுக்கு மட்டும் பட்டை வைத்தால் அரைப்பூண்.

பூண்கட்டு நம் நாட்டில் இவ்வளவு வேரூன்றியதற்குத் தங்கமும் ஒரு காரணம். நம்மவர் கேட்பது 22 கேரட், ஆயிரத்தில் 916 பங்கு பொன். அது மென்மை. பூணை மடக்க அந்த மென்மை உதவும், மெல்லிய கால் நிற்க அதுவே உபத்திரவம். சேலை நூலில் மாட்டினால் கால் விரிந்துவிடும், கல் போன இடம் தெரியாது. அதனால்தான் வைரத்துக்குக் கால் வைக்கிறவர்கள் 18 கேரட்டுக்கு, அதாவது ஆயிரத்தில் 750 பங்குக்கு, இறங்குகிறார்கள். பவளம், வைடூரியம் போலப் பட்டை தீட்டாமல் உருட்டி மழித்த கல்லுக்குப் பூண் ஒன்றே பாந்தம். பவளத்தின் கடினம் பத்து வரை எண்ணுகிற மோ அளவில் 3, 4-க்குள்தான், ஓரம் அடிபடாமல் பூண் காக்கும்.

பிராங்குக்கு நகம் வேண்டாம். எங்கள் பட்டறையில் நாலு கால், ஆறு கால் என்றுதான் எண்ணுகிறோம். கால்கட்டு என்று எழுதலாம். கால்கட்டு என்றால் கல்யாணம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நிச்சயதார்த்த மோதிரம்தானே.

சானலுக்குச் சால்கட்டு. இரண்டு சுவருக்கு நடுவே ஒரே நேர்கோட்டில் பள்ளம், அதில் கற்கள் இடுப்போடு இடுப்பு ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உலோகமே கிடையாது. வாய்க்கால் என்றால் ஏதாவது ஓட வேண்டும். இங்கே எதுவும் ஓடவில்லை, ஓடினால் வாடிக்கையாளர் திரும்பி வந்துவிடுவார். உழவில் ஏர் இழுத்த கோடு சால். அதில் வித்து வரிசையாகக் கிடக்கும்.

டென்ஷனுக்குச் சார் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு ‘கவ்வுகட்டு’ என்று முன்வைக்கிறேன். இரண்டு தாடை ஒன்றைக் கவ்விப் பிடித்திருக்கிறது. ஃபிளஷுக்குப் ‘புதைகட்டு’: கல்லின் மேல்முகம் உலோகப் பரப்போடு சமமாக நிற்கும்படி குழி எடுத்து இறக்கி, குழியின் விளிம்பை உள்நோக்கித் தேய்ப்பது.

இப்போது பாவே. பரல் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் பரல் கல்லைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. பொடிக்கல்லை ஒரு சாலில் வரிசையாக வைத்தாலும் அது பரல்தானே? என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. பாவுகட்டு. கோயில் பிராகாரத்தில் தரைக்குப் போட்ட கல்லைப் பாவுகல் என்கிறோம், போடுவதைத் தளம் பாவுதல் என்கிறோம். சுசீந்திரம் பிராகாரத்தில் நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் பாவே என்றால் கல் பாவியது என்றே பொருள், அவர்கள் தெருவைப் பார்த்து வைத்த பெயர். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் அந்தப் பக்கம் கிளம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே கும்பிடு போட்டுவிடுகிறேன்.

தோவாளை எழுதியது:

அண்ணாச்சி, பாவு எங்கள் வயலிலும் உண்டு. நாற்றங்காலில் விதை தெளிப்பதை ‘விதை பாவியாச்சா?’ என்றுதான் கேட்போம். மண் தெரியாமல் நெருக்கமாக விழ வேண்டும், நடவில்தான் இடைவெளி. ஆகவே சொல் பொருத்தம். நெசவுக்காரர்களுக்குப் பாவு என்றால் தறியின் நீளவாட்டு நூல், அவர்கள் வந்து கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. எங்கள் ஊர் மாணிக்கமாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. அரளிப்பூவை மடக்கி நொச்சியிலையோடு சேர்த்து இடைவெளியில்லாமல் வரிசை வரிசையாகக் கோப்பது. தள்ளி நின்று பார்த்தால் மாணிக்கம் பதித்த பட்டை. பூவுக்குக் கல்லின் பெயரை வைத்தோம், கல்வேலைக்கு அந்தப் பெயரையே திருப்பித் தந்து ‘மாணிக்கக்கட்டு’ என்றால் என்ன?

புதைகட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கல்யாண மோதிரத்துக்குப் புதை என்று சொல்லி எந்தக் கடையில் விற்பார்கள்? எங்கள் அம்மா காதில் விழுந்தால் மோதிரத்தை வாங்காமலே படியிறங்கிவிடுவாள்.

வடசேரி எழுதியது:

அம்மா சொல்வது சரி. புதையை எடுத்துவிட்டு ‘அமிழ்கட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். கல் அமிழ்ந்து நிற்கிறது.

மாணிக்கக்கட்டு கேட்க இனிமை, ஆனால் பாவேயில் பெரும்பாலும் வைரப் பொடிக்கற்கள் போகின்றன. ‘வைரத்தில் ஒரு மாணிக்கக்கட்டு காட்டுங்கள்’ என்றால் விற்பனைப் பிள்ளை எந்தத் தட்டை எடுப்பான்?

மார்த்தாண்டம் எழுதியது:

கட்டு என்றால் எனக்குக் கீரைக்கட்டும் காயக்கட்டும்தான் கண்ணில் வருகின்றன, ஆனாலும் ருத்திராட்ச வாதம் என்னை அசைத்துவிட்டது. அதை விடுகிறேன்.

அண்ணாச்சியை அவர் சொன்ன விதியை வைத்தே மடக்கப் போகிறேன். உலோகம் கல்லுக்கு என்ன செய்கிறது என்று முன்சொல் சொல்ல வேண்டும் என்றீர்கள். பூண் சொல்கிறது, கால் சொல்கிறது, கவ்வு சொல்கிறது. பாவு? கற்கள் எப்படிப் பரந்து கிடக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. பாவிய கல்லைப் பிடித்திருப்பது எது? தரையில் என்றால் பூமியின் ஈர்ப்பும் சுண்ணாம்பும் போதும். மோதிரத்தைக் கவிழ்த்தால்?

வடசேரி எழுதியது:

சார் பிடித்த இடம் சரியான இடம். இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாவே வேலையை அடியிலிருந்து சொல்கிறேன், அப்போது விடை தானாக வரும். முதலில் பரப்பில் கல்லின் இடங்களைக் குறிக்கிறோம். ஒவ்வொன்றிலும் துளை போட்டு, கல்லின் அடிப்பாகம் உட்காரும்படி கூம்பாகக் குடைகிறோம். குழிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கல்லை இறக்கும்போது எல்லாக் கல்லின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று சாய்த்துப் பார்க்கிறோம். ஒரு கல் தலை தூக்கினால் பரப்பு முழுவதும் கெட்டது போலத் தெரியும். இதுவரை எந்தக் கல்லும் பிடிபடவில்லை, கவிழ்த்தால் கொட்டிவிடும்.

பிடிப்பது அதற்குப் பிறகு. கற்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துளி உலோகத்தில் கூர் உளியை வைத்து, சீவித் தள்ளி, ஒரு சுருளை எழுப்பிக் கல்லின் விளிம்பின்மேல் சாய்க்கிறோம். பிறகு நுனியில் சிறு கிண்ணம் போலக் குழிந்த கம்பியை அதன்மேல் நிறுத்தி அழுத்தி உருட்டினால், அந்தச் சுருள் பளபளக்கும் ஒரு சிறு மொட்டாகிவிடும். ஒரே மொட்டு அக்கம்பக்கத்துக் கற்கள் இரண்டையோ மூன்றையோ சேர்த்துப் பிடிக்கும். இங்கே வெளியிலிருந்து எந்த உலோகமும் வந்து ஒட்டவில்லை. கால்கட்டில் காலைத் தனியாகச் செய்து ஊதிச் சேர்க்கலாம், இதில் இருக்கிற தங்கத்திலிருந்தே பிடி முளைக்கிறது.

அப்படியானால் சொல்லும் அதுதான்: முளை. விதையிலிருந்து எழும்புவதும் முளை, மாட்டைக் கட்ட அடிக்கிற குச்சியும் முளை. ஆங்கிலத்தில் பீட் செட்டிங், கிரெயின் செட்டிங் என்று சொல்கிற எல்லாவற்றுக்கும் முளைக்கட்டு பொதுப்பெயர். அந்த முளைக்கட்டைப் பரப்பு முழுக்க நெருக்கிச் செய்தால் பாவு. ஆகவே சாரின் கேள்விக்குப் பதில், பாவு என்பது பிடிக்கும் முறையின் பெயரல்ல, கற்களின் பரவல் பெயர். பிடிப்பது முளை. கையேட்டில் முளைக்கட்டைத் தலைப்பாகப் போட்டு, பாவுகட்டை அதன் உட்பிரிவாக வையுங்கள் டீச்சர். ஒரே வரிசையாகப் போனால் முளைவரிசை. நுண்ணோக்கியில் பார்த்துச் செய்கிற மைக்ரோ பாவே நுண்பாவு.

இன்விசிபிள் முறையை மறைகட்டு என்றே விடலாம். 1933-ல் பாரிஸின் வான் கிளீஃப் அன்ட் ஆர்பெல்ஸ் காப்புரிமை எடுத்தது. கல்லின் இடுப்புக்குக் கீழே பள்ளம் அறுத்து, அடியில் ஓடும் மெல்லிய கம்பித் தடங்களில் கல்லைச் சறுக்கி ஏற்றுவார்கள், மேலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு உலோகமும் தெரியாது. திருகாணியின் மரையோடு குழம்பாதா என்று கேட்கலாம். நம்ம பக்கத்தில் ர-வும் ற-வும் காதிலேயே பிரியும், மற்ற ஊர்க்காரர்கள் எழுத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கோட்டாறு எழுதியது:

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. முளைக்கட்டும் அதற்குக் கீழே பாவுகட்டும் ஏறிவிட்டன. இரண்டு கேள்விகள் மிச்சம். ஒன்று, அடி திறந்த கட்டு, அடி மூடிய கட்டு என்பது சரிதானா? இரண்டு, உங்கள் ஊர் வேலையையே நான் எங்கே வைப்பது? வெளியூர் முறைகளுக்கெல்லாம் பெயர் சூட்டிவிட்டு, வடசேரிக் கோயில் நகைக்கு இடமில்லாமல் போனால் நன்றாக இருக்காது.

வடசேரி எழுதியது:

முதல் கேள்விக்கு: சரி. கல் உடம்பில் பட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அடி திறந்தது, மற்றதெல்லாம் செய்கிறவன் இஷ்டம். குமரியம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால் கிழக்கு வாசலை அடைத்துவிட்டார்கள் என்று கதை சொல்வோமே, அதைக் கேட்டு ஒளிக்கு அடி திறந்த கட்டுத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அடி மூடிய கட்டில் கல்லுக்குக் கீழே பளபளக்கும் ரேக்கு, அதாவது மெல்லிய உலோகத் தாள், வைத்தால், உள்ளே போன வெளிச்சம் திரும்பி வரும். பழைய சிவப்புக்கல் நகை விளக்கு வெளிச்சத்தில் அப்படிக் கனன்றதெல்லாம் அதனால்தான்.

இரண்டாவது கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி. வெள்ளித் தகட்டில் உருவம் எடுத்து, கல்லுக்குக் கூடு கட்டி, அரக்கை இளக்கி நிரப்பி, கெம்பு என்கிற சிவப்புக்கல்லை அதில் இருத்தி, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை வைத்துக் கருவியால் அழுத்தி அழுத்தி ஒட்டவைப்பது எங்கள் வேலை. நாட்டியக்காரர்கள் அணிகிற தலைசாமான், சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி எல்லாம் இப்படி வந்தவைதான். வடநாட்டுக் குந்தன் வேலையிலும் பிடிக்கிற தத்துவம் இதுவே: மிகத் தூய பொன்னை மெல்லிய பட்டையாக்கி, நெருப்பும் பொடியும் இல்லாமல், வெறும் அழுத்தத்தால் ஒன்றோடொன்று சேரவைப்பது. கலப்புப் பொன் அப்படிச் சேராது. கல் நிற்பது அரக்கின் மேல், கல்லைப் பூட்டுவது ரேக்கு. எனவே ரேக்குக்கட்டு. ரேக்கு எங்கிருந்து வந்த சொல்லானால் என்ன, கோயில் விமானத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டினார்கள் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. இதற்குத் தனித்தமிழ் தேட வேண்டும் என்று யாராவது வந்தால் நான் பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஒரு வேண்டுகோள். கையேட்டில் இதைக் கடைசிப் பக்கத்தில் ‘மரபு முறைகள்’ என்று தனியாக ஒதுக்காமல், பூண்கட்டுக்கு அடுத்து வையுங்கள். இரண்டிலும் கல்லின் ஓரத்தை மூடுவது மென்மையான பொன். ஒன்றில் பட்டை மடங்குகிறது, மற்றதில் ரேக்கு அழுந்துகிறது. அடுத்தடுத்து வைத்தால்தான் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பிடிபடும்.

மார்த்தாண்டம் எழுதியது:

ரேக்குக்கட்டுக்கு என் ஓட்டு. பரலை நான் இன்னும் கைவிடவில்லை. முளை பிடிக்கிற அந்தப் பொடிக்கல்லுக்காவது பரல் என்று பெயர் வையுங்கள். ‘ஒன்றரை மில்லிமீட்டர் பரல் நாற்பது’ என்று ரசீதில் எழுத வசதியாக இருக்கும்.

கோட்டாறு எழுதியது:

பரல் சேர்த்தாயிற்று சார். அண்ணாச்சி கேட்டபடி ரேக்குக்கட்டு பூண்கட்டுக்கு அடுத்த பக்கம். வினைகளையும் அப்படியே எழுதுகிறேன்: பூண் மடக்குதல், கால் சாய்த்தல், முளை எழுப்புதல், ரேக்கு அழுத்துதல். சால்கட்டில் சுவரின் விளிம்பைக் கல்லின்மேல் தட்டி மடக்குவதற்கு மட்டும் வினை இல்லாமல் நிற்கிறது. வரப்பை மண்வெட்டியால் தட்டி ஒதுக்குவதற்கு வயலில் என்ன சொல்வீர்கள் என்று தோவாளையிலிருந்து யாராவது எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் அதையும் சேர்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.